ஆறு கோட்டு டாக்டர்

நான் மூன்று வருஷம் டாக்டராக இருந்திருக்கிறேன். படித்துப் பட்டம் வாங்கியதில்லை. யாரும் நியமித்ததும் இல்லை. ஆம்பூரில் ஒரு ரயில்வே கேட் உண்டு. அந்தக் கேட்டைத் தாண்டும் நேரத்தில் மட்டும் நான் டாக்டர். மற்ற நேரமெல்லாம் ஒரு மருந்துக் கம்பெனியில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தோல் மண்டிகள் இருந்த தெருவின் கோடியில், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை போட்டு வைத்திருந்த ஒரு கிடங்கில் பாதியைத் தட்டி வைத்து மறைத்து, வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பலகை கட்டடத்தைவிட அகலம். உள்ளே மூன்று பேர். முதலாளி ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொயினா என்ற குவினைன் தூளை எடை போட்டு ஜுர மருந்து கலக்குவது அவர் ஒருவர்தான். பின்கட்டில் பாட்டில் கழுவுகிற அம்மாள் ஒருவர். வீட்டில் உருது பேசுகிறவர், எல்லாரும் அவரை ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். மூன்றாவது ஆள் நான்.

அந்தக் காலத்தில் மருந்துக்கு அளவுக் கரண்டி கொடுக்கிற வழக்கமில்லை. பாட்டிலின் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டையை மேலிருந்து கீழாக ஒட்டி, அதன் ஓரத்தில் சம தூரத்தில் கத்திரித்து வைத்திருப்போம். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஊற்றிக் குடித்தால் ஒரு வேளை மருந்து. ஜனங்கள் அதைக் கோடு என்பார்கள். எங்கள் ஜுர மருந்து ஆறு கோடு. ஒரு நாளைக்கு மூன்று வேளையாக இரண்டு நாளைக்கு வரும். அந்தக் காகிதத்தை மடித்து, ஓரம் கத்திரித்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையால் ஒட்டுவதுதான் என் உத்தியோகம். ஒரே மடிப்பில் இருபது காகிதம் வெட்டுவேன். அதில் எனக்கு இருந்த கர்வம், கொயினாவைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட இருந்திருக்காது.

கர்வம் கைக்கு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை, உடம்பெல்லாம் இருந்தது. வேலூர் லாங் பஜாரில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு கறுப்புக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஆம்பூர் வெயிலில் கோட்டு! அதன் மேல்பையில், தெர்மாமீட்டர் வைக்கிற பித்தளைக் கூடு ஒன்றை வெளியே தெரியும்படி செருகிக்கொண்டேன். தெர்மாமீட்டர் உடைந்துபோய் முதலாளி தூக்கிப் போட்ட கூடு அது. உள்ளே என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கம்பெனி இந்தப் பக்கம். காலையில் வர, மத்தியானம் சாப்பிடப் போய்த் திரும்ப, சாயங்காலம் போக என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டைத் தாண்டுவேன். கேட்காரர் நாற்பது வயது மனிதர். பெண்டாட்டியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் கேட்டுப் பக்கத்திலேயே ரயில்வே கொடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தார். வேலை போனால் அறையும் போகும். என் கோட்டையும் பித்தளைக் கூட்டையும் பார்த்த முதல் நாளே எழுந்து நின்று, "கும்புடறேன் டாக்டரய்யா" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "ஐயா, நான் டாக்டர் இல்லை, காகிதம் வெட்டுகிறவன்" என்று ஒரு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து "ம், சௌக்கியமா?" என்று வந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து தினம் நாலு தடவை டாக்டர். சில நாள் வேலையே இல்லாமல் ஐந்தாவது தடவையும் கேட்டைத் தாண்டியிருக்கிறேன்.

சரி, பாட்டில் கதைக்கு வருகிறேன். முதலாளி புதுப் பாட்டில் வாங்குகிற ஆள் இல்லை. லாங் பஜாரில் பழைய பாட்டில்களை மூட்டை மூட்டையாக வாங்கி ரயிலில் போட்டு அனுப்புவார். ஆபா அதைக் கழுவிக் கவிழ்ப்பார். பிறகு என் வேலை. ஒவ்வொரு பாட்டிலிலும் அவுன்ஸ் கிளாஸால் ஆறு அவுன்ஸ் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, கழுத்து வரை சரியாக வந்தால் வைத்துக்கொள்ள வேண்டும், வராவிட்டால் ஒதுக்க வேண்டும். முதலாளி முதல் நாளே கையைப் பிடித்து இதைக் காட்டிக் கொடுத்தார். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு எனக்கே ஒரு ஞானோதயம் வந்தது. தண்ணீர் எதற்கு, என் கண்ணே போதாதா? பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு பார்வை, ஒரு தலையாட்டல், முடிந்தது. மிச்ச நேரத்தில் பித்தளைக் கூட்டைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பெரிய மூட்டை வந்தது. ஆபா கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, இந்த மூட்டையில சில பாட்டில் தண்ணி ஜாஸ்தி குடிக்குதே. பாத்தியா?"

"ஆபா, கழுவறது உங்க வேலை, பாக்கறது என் வேலை. எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா சரி, ராஜா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டார். அந்த 'ராஜா'வை அன்று நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

உயரம் எல்லாம் ஒரே உயரம்தான். சில பாட்டில்களுக்கு மட்டும் வயிறு கொஞ்சம் பெரிது. என் மகா கண்ணுக்கு அது படவில்லை. எல்லாவற்றுக்கும் ஆறு கோடு ஒட்டினேன். முதலாளி கழுத்து வரை மருந்து ஊற்றி கார்க் அடித்தார். பெரிய வயிற்றுப் பாட்டிலை வாங்கிப் போனவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் ஒன்றரை வேளை மருந்து குடித்தார்கள். கொயினா கூடினால் என்ன ஆகும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். காது இரையும், மந்தமாகும், தலை சுற்றும்.

இதில் கூத்து என்னவென்றால் மருந்துக்குப் பேர் வந்துவிட்டது. "அந்தக் கம்பெனி மருந்து குடிச்சா காது பாடுது. அப்படின்னா உள்ள போய் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று மண்டியில் வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நாட்றம்பள்ளியிலிருந்தெல்லாம் ஆள் வந்து, "காது பாடுற மருந்து குடுங்க" என்று கேட்டு நின்றார்கள். முதலாளி தன் கைராசி என்று நினைத்தார். நான் என் கைராசி என்று நினைத்தேன். ஆபா மட்டும் ஒன்றும் நினைக்காமல் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த மழையில்தான் கேட்காரருக்கு ஜுரம் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்ஜுரம். என்னிடம்தான் வந்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. என்னை டாக்டர் என்று மதித்த ஒரே மனிதர் அல்லவா? அலமாரியில் தேடி, நல்ல தடிக் கண்ணாடியாக, பார்க்க லட்சணமாக இருந்த மூன்று பாட்டில்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன். லட்சணமாக இருந்ததற்குக் காரணம் வயிறு பெரிதாக இருந்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துக் கேட்டில் என்னை நிறுத்தினார்.

"ஜொரம் கம்மியாயிருக்கு டாக்டரய்யா. ஆனா காதுல மணி அடிக்கிற மாதிரி இருக்கு."

நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அவர் மணிக்கட்டைப் பிடித்து, எதுவும் தெரியாமலே கொஞ்ச நேரம் தெரிந்த முகத்தோடு நின்றேன். "அது மருந்து ஏறுறதுக்கு அடையாளம். மூணு வேளை போதாது. நாலு வேளையா சாப்பிடுங்க" என்றேன். அந்த நாலாவது வேளைக்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் கிடையாது. ஏதாவது சொன்னால்தானே டாக்டர் என்று சொன்னது. மருந்து தீரத் தீர அதே தடிப் பாட்டிலாகவே பொறுக்கிக் கொடுத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஆம்பூரில் ரயில்வே கேட் சாத்தியது சாத்தியபடி நின்றது. ரயில் வரும் முன் ஸ்டேஷனில் ஒரு தண்டவாளத் துண்டை மணியாகத் தட்டுவார்கள். அது காதில் விழுந்தால் கேட்டை மூட வேண்டும். இவர் காதில் அது விடியற்காலம் தொடங்கி விழுந்துகொண்டே இருந்தது. மூடுவார், எட்டிப் பார்ப்பார், ரயில் வராது. திறக்கப் போவார், மறுபடி மணி கேட்கும். இந்தப் பக்கம் பச்சைத் தோல் ஏற்றிய வண்டிகள் வரிசையாக வெயிலில் நின்றன. அந்த நாற்றத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. வண்டிக்காரர்கள் கத்தினார்கள். ஒரு மண்டி முதலாளி ஜட்காவிலிருந்து இறங்கி, "இன்னா பேஜாரு இது? பகல்லயே போட்டுட்டியா?" என்று திட்டினார். குடித்திருக்கிறார் என்று ரயில்வேக்கு எழுதிப் போட்டார்கள். அந்த மனிதர் கள்ளுக்கடைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதவர்.

வரிசையில் நானும் நின்றேன். என் நோயாளி என்று ஒரு பெருமை வேறு.

திட்டு வாங்கி வாங்கி, காதில் கேட்பதெல்லாம் பொய் மணி என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். மறுநாள் நிஜமாகவே மணி அடித்தார்கள். இவர் அசையவில்லை. கூட்ஸ் வண்டி வரும்போது கேட் திறந்து கிடந்தது. பட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி பாதி பாதையில். டிரைவர் தூரத்திலேயே பார்த்து பிரேக் போட்டதால் உயிர்கள் பிழைத்தன. மாடுகள் மிரண்டு ஓடின, பட்டை தண்டவாளமெல்லாம் சிதறியது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார், கேட்காரருக்கு வேலை போவது நிச்சயம் என்று ஊர் பேசிக்கொண்டது.

சனிக்கிழமை அவர் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். காது நன்றாக மந்தமாகியிருந்தது. ஊருக்கே கேட்கும்படி பேசினார்.

"டாக்டரய்யா, ஒடம்பு சரியில்லன்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்து இருந்தா தொரை நம்புவாரு. வேலை போச்சுன்னா இந்தப் பொம்பளப் புள்ளைங்கள வெச்சுக்கினு நான் எங்க போவேன்?"

உள்ளே முதலாளி தட்டிக்கு அந்தப் பக்கம் இருமினார். எனக்குக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அவர் காதருகே போய், "திங்கக்கிழமை காலையில கொண்டாந்து தர்றேன்" என்று கத்தினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என்ன கொண்டுபோய்க் கொடுப்பேன்? ஆறு கோடு வெட்டிய காகிதமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, எப்படியாவது நழுவலாம் என்று கேட் வீட்டுக்குப் போனேன். அவர் படுத்திருந்தார். பெண்டாட்டி ஜன்னல் மேடையிலிருந்து இரண்டு காலிப் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். ஒன்று போன வருஷம் வாங்கிய எங்கள் மருந்துப் பாட்டில், இப்போது விளக்கெண்ணெய் வாங்க வைத்திருந்தார். இன்னொன்று நான் பொறுக்கிக் கொடுத்தது.

"இதுவும் ஆறு கோடு, அதுவும் ஆறு கோடு. ஆனா இதுல ஒரு கோடு ஊத்துனா சின்னக் கிண்ணம் நெறைய வருது. இந்த வருசம் மருந்து ஏன் இவ்ளோ ஜாஸ்தி?" என்று கேட்டார்.

பக்கத்தில் பக்கத்தில் நின்றன இரண்டும். ஒரே உயரம். ஒன்றுக்கு வயிறு. ஆபா சொன்னது அப்படியே காதில் விழுந்தது. எனக்கும் காது இரைந்தது, மருந்து குடிக்காமலே. "பாத்துட்டுத் தர்றேன்" என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை. அவுன்ஸ் கிளாஸால் தண்ணீர் ஊற்றினேன். பழைய பாட்டில் ஆறு. புதுப் பாட்டில் ஒன்பது. நாலு வேளையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த மனிதர் தினமும் குடிக்க வேண்டியதில் இரண்டு பங்கு குடித்திருக்கிறார். கூடிப்போன ஒரு பங்கில் பாதி என் கண் கொடுத்தது, மீதி என் வாய்.

அப்போது நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? நேரே போய்க் காலில் விழுந்தேன் என்று எழுத ஆசைதான். ஒன்பது கோட்டுக் காகிதம் ஒன்று வெட்டினேன். அவசரத்திலும் அழகாக வெட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதை ஒட்டினேன். நாளைக்கு இன்ஸ்பெக்டர் பாட்டிலைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், குற்றம் குடித்தவர் தலையில் போகும் என்று என் புத்தி வேலை செய்தது. ஓடிப் போய் அந்த ஜன்னல் மேடையில் வைத்தேன்.

அந்த அம்மாள் எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் காகிதத்தைத் தடவினார். காகிதம் நகர்ந்தது. திருட்டுத்தனம் செய்கிறவன் பசை காய்கிறவரையாவது பொறுத்திருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினார். "ஒம்போது" என்றார். "நான்தான் ஊத்திக் குடுத்தேன். ஆறு இருந்துச்சு. இப்ப ஒம்போது இருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை நீங்க என்றவர், "நீ யாரு?" என்று கேட்டார்.

நான் பாட்டிலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவர் விடவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு குடிகாரன்னு பேரு வாங்கிக்கினு படுத்துக்கெடக்காரு. நீ காயிதம் மாத்துறியா? நீ டாக்டருதானா?"

"இல்ல" என்றேன். மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை. "நான் இந்தக் காகிதம் ஒட்டறவன். அளந்து பாக்காம ஒட்டிட்டேன். நாலு வேளைன்னு சொன்னதும் நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாட்டிலை என் கையில் திணித்து, "நாளைக்கு இத அந்தத் தொரைகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது" என்றார்.

நேரே முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்து, அலமாரியில் மிச்சமிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து அளந்தார். மூன்றுக்கு ஒன்று பெரிது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொயினா கூடினா காது இரையும்னு தெரிஞ்சும், ஊரே காது பாடுதுன்னப்ப என் கைராசின்னு நெனச்சேன்டா" என்றார். பிறகு, "நாளைக்கு நீ போய்ச் சொன்னா கம்பெனி பேரு போச்சு. சொல்லலன்னா அந்த ஆளு வேலை போச்சு. போன்னு என்னால சொல்ல முடியல. போவாதேன்னும் சொல்ல வாய் வரல" என்றார். எழுந்து போகும்போது அவுன்ஸ் கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதரை நான் இன்றும் மதிக்கிறேன்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வரும் டிராலியில் வந்து இறங்கினார். சோலா தொப்பி, தமிழ்க்காரர்தான். கேட்டருகே மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வண்டிக்காரர்கள், மண்டிக் குமாஸ்தாக்கள் என்று ஊரே கூடி நின்றது. கேட்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"ஸ்டேஷன் மணி கேட்டுதா, இல்லையா?" என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கத்தினார்.

"இப்பவும் கேக்குதுங்க தொரை" என்றார் கேட்காரர். கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் என் கால் தானாக முன்னால் போயிற்று.

"சார், அவர் குடிக்கல. என் தப்பு."

இரண்டு பாட்டிலையும் மேஜைமேல் வைத்தேன். தண்ணீர் கேட்டு வாங்கி, முதலாளி நகர்த்தி வைத்த அவுன்ஸ் கிளாஸால் எல்லார் முன்னாலும் அளந்து காட்டினேன். ஆறு அவுன்ஸ் ஊற்றியதும் பழைய பாட்டில் நிறைந்தது. புதியது மூன்று அவுன்ஸ் இன்னும் குடித்தது. கொயினா கூடினால் காது இரையும் என்பதை முதலாளி சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்.

"நீர் டாக்டரா?"

"இல்ல சார். காகிதம் வெட்டறவன்."

"நாலு வேளை குடிக்கச் சொன்னது யார்?"

"நான்தான் சார்."

"எந்த அதிகாரத்தில் சொன்னீர்?" என்று கேட்டவர் என் மேல்பையைப் பார்த்தார். "அது என்ன, தெர்மாமீட்டரா? கொடும் இங்கே."

கொடுத்தேன். மூடியைத் திறந்து கவிழ்த்தார். உள்ளிருந்து ஒரு கோழி இறகு மேஜையில் விழுந்தது. நான் காது குடைய வைத்திருந்தது.

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வண்டிக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர்கூடத் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் முகம் கோட்டைவிடக் கறுத்திருக்கும்.

சிரிப்பு அடங்கும் முன்பே கேட்காரர் பேசினார். பாவம், அவர் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை. நான் வந்ததும், பாட்டில் வைத்து ஏதோ காட்டியதும், எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்ததும்தான் அவருக்குத் தெரிந்தது. சர்ட்டிபிகேட் கொண்டுவருவதாகச் சொன்னவன் நேரிலேயே வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். உரக்கச் சொன்னார்: "நம்ம டாக்டரய்யாவே வந்துட்டாருங்க தொரை. பெரிய படிப்பு படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மருந்தை உடனே நிறுத்த வேண்டும். பத்து நாள் லீவு, அதுவரை வேறு ஆள். காது சரியானதும் ரயில்வே டாக்டர் பார்த்துச் சொன்னால் அதே கேட்டில் அதே வேலை. கேட்காரரின் காது எட்டாம் நாளே தெளிந்துவிட்டது. அவர் மறுபடி கேட்டில் நிற்பதைப் பார்த்த அன்று நான் கம்பெனிக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் அழுதேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

கம்பெனியில் என் உத்தியோகம் மாறியது. ஆபா அளந்தார், நான் கழுவினேன். பெரிய வயிற்றுப் பாட்டில்களைத் திரும்ப வாங்க வீடு வீடாகப் போனோம். சிலர் தர மறுத்தார்கள். "காது பாடுற மருந்தை வாங்கிக்கினு பாடாத மருந்து குடுக்கறியே" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். ஆபா பாட்டிலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "பாட்டு வேணும்னா வூட்ல பாடச் சொல்லு" என்றார். வியாபாரம் கம்மியாயிற்று, ஆனால் நின்றுவிடவில்லை. கோட்டை நான் லாங் பஜாரிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. ஊரில் எல்லாரும் என்னைக் கோழி இறகு என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும், கேட்காரர் மட்டும் நான் தாண்டும்போதெல்லாம் எழுந்து நின்று, "கும்புடறேன் டாக்டரய்யா" என்றார். முன்பைவிட உரக்கச் சொன்னார். வண்டிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அன்று அவர் காதில் எதுவும் விழவில்லை, வீட்டுக்கார அம்மாளும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலு தடவை தாண்டுவதை இரண்டாகக் குறைத்தேன். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துப் போனேன்.

இரண்டு மாதம் தாங்கினேன். ஒரு நாள் கேட் மூடியிருந்தது, நானும் அவரும் மட்டும் நின்றிருந்தோம். ரயில் வர நேரமிருந்தது. துணிந்து சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு உங்களுக்குக் காது கேக்கல. நான் டாக்டர் இல்ல. காகிதம் ஒட்டறவன். என்னாலதான் உங்களுக்கு அந்தக் கஷ்டம் எல்லாம்."

"தெரியும்" என்றார் அவர், பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே. "அவ அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டா. கேக்கறதுக்குக் காது இல்ல, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னா."

"அப்புறம் ஏன் இன்னும் டாக்டரய்யான்னு கூப்பிடறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

"மொத மொதல்ல பத்து நாளு உங்கள தம்பி, தம்பின்னுதான் கூப்புட்டேன். கோட்டு போடறதுக்கு முன்னாடி. ஒரு நாளு கூட நீங்க திரும்பிப் பாக்கல."

ஸ்டேஷனில் மணி அடித்தார்கள். இரண்டு பேருக்கும் கேட்டது. ரயில் போனதும் அவர் கேட்டைத் திறந்தார். நான் தாண்டி நாலு அடி போயிருப்பேன், பின்னாலிருந்து, "போய்ட்டு வாங்க தம்பி" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன்.